பலகையை மாற்றினால் ரெயில் மாறிவிடுமா?

கணியூர் டோல்கேட் பக்கம் சாயங்கால டீக்கடைப் பேச்சுக்குச் சூடு குறைவதே இல்லை. நூல் விலையில் ஆரம்பிக்கும். தறிக் கூலிக்கு வரும். பிறகு பஸ் நெரிசல். அதற்கப்புறம் ரெயில்!

"கோயமுத்தூருக்கு மெட்ரோ கெடையாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சென்னையிலே பாருங்க, ஓடுற பறக்கும் ரெயிலையே மெட்ரோ ஆக்கப் போறாங்க. அதே மாதிரி நம்ம கோவை - திருப்பூர் பாசஞ்சருக்கும் மெட்ரோன்னு பேரு வெச்சுட்டாப் போச்சுங்க!" என்று ஒரு தறிக்காரர் யோசனை சொல்கிறார்.

"பேரு வெச்சா ரெயிலு பறந்துருமாக்கும்?" என்று கேட்கிறார் பனியன் கம்பெனி கணக்குப்பிள்ளை.

கடையே சிரிக்கிறது. ஆனால் அந்தக் கேள்வி சிரித்து மறக்கக் கூடியது அல்ல. ரெயிலுக்கு வைக்கும் பெயருக்கும் பயணியின் சட்டைப் பைக்கும் சம்பந்தம் உண்டு. சோமனூர் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

திரும்பி வந்த திட்டம்

முதலில் நடந்ததைப் பார்க்கலாம்.

கோவைக்கு மெட்ரோ ரெயில் விட ரூ.10,740 கோடியில் திட்டம் போட்டார்கள். அவிநாசி ரோட்டில் ஒரு தடம். சத்தி ரோட்டில் ஒரு தடம். இரண்டும் சேர்ந்து 34 கிலோ மீட்டருக்கு மேல். அவிநாசி ரோட்டுத் தடம் உக்கடத்தில் புறப்பட்டு நீலாம்பூரில் நின்றுவிடும். கணியூர் டோல்கேட்டுக்கு வந்து சேராது.

அந்தத் திட்டத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. மதுரைக்கும் அதே கதிதான். 2017-ம் ஆண்டின் மெட்ரோ ரெயில் கொள்கைப்படி நகரத்தில் 20 லட்சம் பேர் இருக்க வேண்டும். 2011 மக்கள் தொகைக் கணக்கில் கோவை மாநகராட்சியில் 15.84 லட்சம் பேர்தான் என்று காரணம் சொன்னார்கள்.

'பதினைந்து வருஷத்துக்கு முந்தின கணக்கை வைத்து எடை போடலாமா?' என்று கோவை வட்டாரமே கேட்டது. நியாயமான கேள்விதான்! 2024-25-ல் ரூ.40,000 கோடிக்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்த திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது. இடையில் உள்ள ஊர்களில் எல்லாம் மில்லும் தறியும் ஓடுகின்றன. வேலைக்குப் போய் வருகிற கூட்டம் மாநகராட்சி எல்லைக் கல்லைப் பார்த்தா நடக்கிறது?

இந்த ஆதங்கத்தில் பிறந்ததுதான் டீக்கடை யோசனை. மெட்ரோ கிடைக்கவில்லை என்றால், இருக்கிற ரெயிலுக்காவது அந்தப் பெயரை வைத்துவிடலாமே என்கிறார்கள்.

சென்னையில் நடப்பது என்ன?

இந்த யோசனைக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது சென்னையின் பறக்கும் ரெயில். அதன் கதை நீண்ட கதை.

1995 நவம்பரில் கடற்கரையில் இருந்து சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்தது. 1997-ல் மயிலாப்பூர் போனது. 2004-ல் திருவான்மியூர். 2007 நவம்பரில் வேளச்சேரி. சுமார் 19 கிலோ மீட்டர் தூரத்துக்கு இவ்வளவு காலம்! வேளச்சேரியில் இருந்து பரங்கிமலைக்கு மீதி 5 கிலோ மீட்டர் வேலை 2008-ல் தொடங்கியது. நில வழக்கில் மாட்டிக் கொண்டு, பதினைந்து வருஷத்துக்கு மேல் இழுத்தது.

அரசாங்கத் தாளில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. ஜனங்கள் அந்தப் பெயரைச் சீண்டவே இல்லை. தூண் மேலே உயரத்தில் போனது. 'பறக்கும் ரெயில்' என்று அவர்களே பெயர் வைத்துக் கொண்டார்கள்!

2015 ஜூனில் கோயம்பேடு - ஆலந்தூர் இடையே மெட்ரோ ரெயில் வந்தது. குளு குளு பெட்டி, நகரும் படிக்கட்டு, பளிச்சென்ற பிளாட்பாரம். அதைப் பார்த்த கண்ணுக்குப் பறக்கும் ரெயில் நிலையங்கள் பெரிய பெரிய கட்டிடங்களாக இருந்தும் களை இழந்து தெரிந்தன. கடை வைக்கக் கட்டிய மாடிகள் பல இடங்களில் காலி. ராத்திரி நேரத்தில் பெண்கள் தனியாக இறங்கப் பயப்படுகிறார்கள் என்ற புகார் பல வருஷமாக உண்டு.

'பறக்கும் ரெயிலை மெட்ரோ நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம்' என்ற பேச்சு பல ஆண்டுகள் நடந்தது. 2025-ல் ரெயில்வே வாரியம் கொள்கை அளவில் சம்மதம் தெரிவித்தது.

கணியூர்க்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை? கணியூர், கருமத்தம்பட்டிப் பிள்ளைகள் தரமணி, பெருங்குடி கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். மாதச் சம்பளத்தில் வாடகை போக, சாப்பாடு போக, ரெயிலுக்கு எவ்வளவு என்று ஊரில் இருக்கும் பெற்றோரும் சேர்ந்துதான் கணக்குப் போடுகிறார்கள்.

சேர்க்கச் சொல்வோர் நியாயம்

மாற்றம் வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஒரே ஊரில் ஒரு ரெயில் டெல்லிக்கும், இன்னொரு ரெயில் கோட்டைக்கும் கட்டுப்பட்டு ஓடினால் பயணி நடுவில் நிற்கிறான். இந்த வண்டி வரும் நேரம் அந்த வண்டிக்குத் தெரியாது. இந்த டிக்கெட் அங்கே செல்லாது. மேல்மாடியில் இறங்கி, ரோட்டைக் கடந்து, இன்னொரு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 119 கிலோ மீட்டர். மத்திய மந்திரிசபை 2024 அக்டோபரில் ரூ.63,246 கோடி மதிப்பில் அதற்கு ஒப்புதல் கொடுத்தது. அந்தத் தடங்கள் கலங்கரை விளக்கத்திலும் திருமயிலையிலும் பறக்கும் ரெயில் பக்கத்திலேயே வருகின்றன. திருமயிலையில் மெட்ரோ நிலையம் பூமிக்குள் பல மாடி ஆழம். பறக்கும் ரெயில் அதற்கு நேர்மாறாக ஆகாயத்தில்! இரண்டையும் ஒரே கை நடத்தினால்தான் இறங்கி ஏறுகிறவனுக்கு வழி பிறக்கும் என்கிறார்கள்.

ஆகவே நிர்வாகம் ஒன்றாக வேண்டும் என்பதில் தகராறு இல்லை. தகராறு எங்கே வருகிறது? நிர்வாகம் மாறும் முன், வண்டி மாறும் முன், பெயரை மட்டும் முதலில் மாட்டினால் அங்கேதான் வருகிறது.

10 ரூபாய் 30 ரூபாய் ஆன கதை

இதற்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை. சோமனூர் ஸ்டேஷன் போதும்.

கொரோனா காலத்தில் 2020-ல் பாசஞ்சர் ரெயில்கள் நின்றன. அப்புறம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. திரும்பி வரும்போது பெயர் மட்டும் மாறி இருந்தது. 'பாசஞ்சர்' போய் 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' ஆகிவிட்டது!

பெட்டி அதே பெட்டி. நிற்கிற ஊர் அதே ஊர். வஞ்சிபாளையத்திலும் நிற்கும், சோமனூரிலும் நிற்கும், சூலூர் ரோட்டிலும் நிற்கும். வேகம் ஒரு இம்மி கூடவில்லை. ஆனால் 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆனது.

"எக்ஸ்பிரஸ்ஸுன்னு எழுதி இருக்கு, கட்டுங்க" என்று கவுண்ட்டரில் பதில். காய்கறிக் கூடைக்காரியும் கட்டினாள். ஹெல்ப்பர் வேலைக்குப் போன பையனும் கட்டினான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பி வந்தது.

போக 20, வர 20 என்று நாளைக்கு 40 ரூபாய் கூடுதல் என்றால், மாதம் 25 நாள் வேலைக்கு 1,000 ரூபாய்! வாரச் சம்பளக்காரன் வீட்டில் அது ஒரு மாதப் பால் பாக்கி.

அந்த 30 ரூபாய்க்குக் கூடுதலாகக் கிடைத்தது என்ன? பலகையில் ஒரு புது வார்த்தை. வேறு ஒன்றும் இல்லை.

பெயருக்குப் பின்னால் ஒரு சட்டம்

"பேருதானுங்களே, வெச்சுட்டுப் போகட்டும்" என்று சொல்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயர் என்பது பெயின்ட் மட்டும் அல்ல. அதன் பின்னால் கட்டணப் பட்டியல் வருகிறது. அதன் பின்னால் சட்டம் வருகிறது.

பறக்கும் ரெயில் இன்று ரெயில்வே கணக்கில் 'புறநகர் ரெயில்'. குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். மாத சீசன் டிக்கெட் உண்டு. 2025 ஜூலையில் ரெயில்வே கட்டணத்தை உயர்த்தியபோது புறநகர் ரெயிலுக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் விலக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உயர்த்தியபோதும் விலக்கு இருந்தது. 'புறநகர்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் பயணிக்குக் குடை பிடித்தது.

சென்னை மெட்ரோவில் குறைந்தபட்சம் 10 ரூபாய். அதிகபட்சம் 70 ரூபாயாக இருந்து 2021-ல் 50 ரூபாய் ஆனது. மெட்ரோ ரெயிலுக்கு என்று 2002-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி கட்டணத்தைச் சொல்வதற்குத் தனிக் குழு. பெங்களூரில் அப்படி ஒரு குழு சொன்னதை வைத்துத்தான் 2025 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணம் 60-ல் இருந்து 90 ரூபாய்க்கு ஏறியது.

ஆக, 'புறநகர்' பலகையைக் கழற்றி 'மெட்ரோ' பலகையை மாட்டும் நாளில் 5 ரூபாய் டிக்கெட்டின் கதி என்ன? சீசன் டிக்கெட்டின் கதி என்ன? முதலில் பதில் தேட வேண்டியது இந்தக் கேள்விகளுக்குத்தான். நீலப் பெயின்ட்டா, பச்சைப் பெயின்ட்டா என்பதை அப்புறம் பேசிக் கொள்ளலாம்.

வசதி வந்தால் சரி!

வசதி கூடினால் காசு கூடுவதில் ஜனங்களுக்கு வருத்தம் இல்லை. சென்னை கடற்கரை - தாம்பரம் - செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரல் 19-ந் தேதி குளு குளு மின்சார ரெயில் விட்டார்கள். குறைந்தபட்சம் 35 ரூபாய். அதே தண்டவாளத்தில் சாதா மின்சார ரெயிலும் 5 ரூபாய்க்கு ஓடியது. வேண்டியவர் அதில் ஏறினார். முடியாதவர் இதில் ஏறினார். யார் தலையிலும் கட்டவில்லை.

மெட்ரோ என்றாலே கட்டணம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இந்தியாவின் முதல் மெட்ரோ 1984 அக்டோபரில் கல்கத்தாவில் ஓடியது. முதல் நாள் ஓடிய தூரம் 3.4 கிலோ மீட்டர். அதை நடத்துவது ரெயில்வேதான். அங்கே 5 ரூபாய் டிக்கெட் உண்டு. மெட்ரோ என்ற பெயரும் ஏழைக்கான டிக்கெட்டும் ஒரே வண்டியில் போக முடியும் என்பதற்கு அது சாட்சி.

பெயர் சாதாரணமாக இருந்தால் மதிப்புக் குறையுமா? பம்பாய்க்குப் போய்ப் பார்க்கட்டும். தினம் 70 லட்சம் பேர் ஏறி இறங்கும் ரெயிலுக்கு அங்கே பெயர் வெறும் 'லோக்கல்'. அந்த லோக்கல் ஒரு மணி நேரம் நின்றால் ஊரே ஸ்தம்பிக்கிறது. அந்த ரெயிலின் மரியாதை அதில்தான் இருக்கிறது.

பெயரில் மோகம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. குஜராத்தில் ஆமதாபாத் - புஜ் இடையே 'வந்தே மெட்ரோ' விடுவதாக அறிவித்தார்கள். 2024 செப்டம்பர் 16-ந் தேதி தொடக்க விழா. அன்றைக்கே பெயர் 'நமோ பாரத் ரேபிட் ரெயில்' ஆகிவிட்டது. வண்டி நகர்வதற்குள் பெயர் நகர்ந்துவிட்டது!

லண்டனில் எப்படிச் செய்தார்கள்?

லண்டன் நகரைச் சுற்றிச் சில பழைய ரெயில் தடங்கள் இருந்தன. தனியார் கம்பெனி நடத்தியது. கவனிப்பார் இல்லை. 2007 நவம்பரில் நகரப் போக்குவரத்து நிர்வாகம் அவற்றை எடுத்துக் கொண்டது.

என்ன செய்தார்கள்? நிலையங்களைச் சுத்தம் செய்தார்கள். வெளிச்சம் போட்டார்கள். வண்டி ஓடும் நேரம் முழுவதும் நிலையத்தில் ஆளை வைத்தார்கள். புது வண்டி வாங்கினார்கள். நடையைக் கூட்டினார்கள். சுரங்க ரெயில் படத்திலேயே இந்தத் தடங்களையும் வரைந்தார்கள். கூட்டம் தானாக வந்தது.

அப்போதும் 'சுரங்க ரெயில்' என்று பொய்ப் பெயர் சூட்டவில்லை. 'ஓவர்கிரவுண்ட்', அதாவது தரைக்கு மேல் ஓடும் ரெயில் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். ஆறு தடங்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தது 2024-ல்தான். பதினேழு வருஷம் வண்டி ஓட்டிவிட்டுப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வைக்கும் வேலைக்கே 63 லட்சம் பவுன் செலவு என்று கணக்குச் சொன்னபோது அங்கேயும் முணுமுணுப்பு எழுந்தது.

நியூயார்க்கில் இன்னொரு வேடிக்கை. ஸ்டேட்டன் தீவு என்று அந்நகரத்தின் ஒரு பகுதி. அங்கே ஒரு உள்ளூர் ரெயில் ஓடுகிறது. சுரங்க ரெயில் போலவே பெட்டி. சுரங்க ரெயில் படத்திலும் அதற்கு ஒரு கோடு உண்டு. ஆனால் மற்றத் தடங்களோடு அதற்குத் தண்டவாள இணைப்பு கிடையாது. மன்ஹாட்டன் போக, கடைசி ஸ்டேஷனில் இறங்கிப் படகு ஏற வேண்டும்! 'இதையும் சுரங்க ரெயில் என்றே அழைத்தால் என்ன?' என்று அங்கே கேட்போர் உண்டு. தாராளமாக அழைக்கலாம். அழைத்த மறுநாளும் படகுக்குத்தான் ஓட வேண்டும்.

ஒட்டாத தண்டவாளம்

சென்னையிலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கிறது. பறக்கும் ரெயில் ஓடுவது அகலப்பாதை. தண்டவாள இடைவெளி 1,676 மில்லி மீட்டர். மெட்ரோ ஓடுவது 1,435 மில்லி மீட்டர் பாதை. கிட்டத்தட்ட முக்கால் அடி வித்தியாசம்!

விமான நிலையத்தில் ஏறிய மெட்ரோ வண்டி அப்படியே மயிலாப்பூர் மாடியில் ஏறி வேளச்சேரி போய்விடும் என்று யாராவது கனவு கண்டால், அது நடக்காது. நிர்வாகம் ஒன்றானாலும் வண்டி வேறு வண்டிதான். பறக்கும் ரெயிலுக்கு என்று தனியாக அகலப்பாதைப் பெட்டிகள் வாங்க வேண்டும். அதற்குப் பணம், காலம் இரண்டும் வேண்டும்.

காலம் என்றதும் சென்னை ஜனங்களுக்கு இன்னொன்று ஞாபகம் வரும். கடற்கரை - எழும்பூர் நாலாவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் 27-ந் தேதி முதல் பறக்கும் ரெயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். திரும்பக் கடற்கரைக்கு ஓடியது 2024 அக்டோபர் 29-ந் தேதி. பதினாலு மாதம்! பாரிமுனைக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நடுவழியில் இறங்கிப் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் அழுதார்கள். அந்தப் பதினாலு மாதமும் ரெயிலின் பெயரில் குறை ஒன்றும் இல்லை. ரெயில்தான் வரவில்லை.

சேர்ப்பதற்குப் பெயர் மாற்றம் அவசியமே இல்லை என்பதையும் சென்னையே காட்டிவிட்டது. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' என்ற செல்போன் செயலி வந்தது. மாநகர பஸ், மெட்ரோ, மின்சார ரெயில் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட். எந்த வண்டியின் பலகையையும் யாரும் கழற்றவில்லை. பயணியின் வேலை சுலபமானது.

கணியூருக்கு என்ன வேண்டும்?

இப்போது டீக்கடை யோசனைக்குத் திரும்பலாம். கோவை - திருப்பூர் ரெயிலுக்கு மெட்ரோ என்று பெயர் வைக்கலாமா?

கோவையில் இருந்து திருப்பூருக்கு ரெயிலில் ஏறத்தாழ 50 கிலோ மீட்டர். பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், சூலூர் ரோடு, சோமனூர், வஞ்சிபாளையம் என்று மில்லும் தறியும் பனியனும் இருக்கிற ஊர்களை எல்லாம் தொட்டுக் கொண்டுதான் பாதை போகிறது. மின்சார வசதி உண்டு. இரட்டைப் பாதை உண்டு. கோவை மெட்ரோவுக்குப் போட்ட கணக்கில் ஒரு கிலோ மீட்டருக்குச் சுமார் 300 கோடி ரூபாய் ஆகிறது. இங்கேயோ பாதை ஏற்கெனவே கிடக்கிறது!

கிடந்து என்ன பயன்? அந்த இரண்டு தண்டவாளத்தில்தான் சென்னை எக்ஸ்பிரசும் போக வேண்டும், கேரளா வண்டியும் போக வேண்டும், சரக்கு ரெயிலும் போக வேண்டும். இவற்றுக்கு எல்லாம் வழி விட்டு ஓரமாக நின்று, கடைசியில் வருவதுதான் உள்ளூர் ரெயில். காலை ஷிப்டுக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று கிடைத்தால் தொழிலாளி எப்படி நம்பி ஏறுவான்? ஒன்றைத் தவற விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. அதனால்தான் பஸ்ஸில் தொங்குகிறான்.

"மெட்ரோவுக்கு நேரம் பாத்துட்டா போவாங்க? போனா வரும், ஏறிக்கலாம். இங்க ரெயிலு நேரத்துக்கு நம்ம பொழப்பத் திருப்பி வெக்கோணும்" என்கிறார் கட்டிங் மாஸ்டர் ஒருவர். விஷயம் இவ்வளவுதான். சென்னை மெட்ரோவில் நெரிசல் நேரத்தில் ஆறு நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஜனங்களுக்கு அந்தப் பெயர் மேல் ஆசை வந்தது அந்த ஆறு நிமிடத்தால்.

ஆகவே இந்த வட்டாரம் கேட்க வேண்டியது இவை:

முதலாவது, காலை மூன்று மணி நேரமும் மாலை மூன்று மணி நேரமும் அரை மணிக்கு ஒரு உள்ளூர் மின்சார ரெயில். ஷிப்ட் நேரத்தைக் கேட்டு அட்டவணை போட வேண்டும். ஓவர்டைம் முடிந்து வருகிறவனுக்கு இரவு ஒரு கடைசி வண்டியும் வேண்டும்.

இரண்டாவது, அதற்கு இடம் கொடுக்கிற மாதிரி ஈரோடு - கோவை மார்க்கத்தில் கூடுதல் தண்டவாளம். பாதை கூடாமல் வண்டியைக் கூட்டினால் சிக்னலில்தான் நிற்கும்.

மூன்றாவது, ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர பஸ். கணியூருக்கு ரெயில் நிலையம் கிடையாது. கருமத்தம்பட்டி சுற்றிச் சோமனூர் போக வேண்டும். ரெயில் வரும் நேரத்துக்கு ஒரு டவுன் பஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றால் போதும். இறங்கியவன் ஆட்டோவுக்கு அழும் காசு மிச்சம்.

நாலாவது, கட்டணம். 10 ரூபாய் டிக்கெட்டும் சீசன் டிக்கெட்டும் எந்தப் பெயர் வந்தாலும் மாறாது என்று எழுத்தில் உறுதி. ஒரு தடவை 30 ரூபாய் கட்டியவர்களுக்கு வாய் வார்த்தை போதாது.

இவை எல்லாம் நடந்துவிட்டால் பெயரில் என்ன இருக்கிறது? மெட்ரோ என்று வைக்கட்டும். நொய்யல் ரெயில் என்று வைக்கட்டும். யாரும் சண்டைக்கு வரப் போவதில்லை.

கடைசியில் பலகை

சென்னைக்கும் இதே வரிசைதான் பொருந்தும். நிலையத்தில் முதலில் விளக்கு எரியட்டும். நகரும் படிக்கட்டு நகரட்டும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண் பயமில்லாமல் இறங்கிப் போகட்டும். திருமயிலையில் மழையில் நனையாமல் மேலே இருந்து கீழே போக வழி வரட்டும். ஆறு நிமிடத்துக்கு ஒரு வண்டி வரட்டும். 5 ரூபாய் டிக்கெட் எடுக்கிறவரையும் சீசன் டிக்கெட்காரரையும் விரட்டாத கட்டணப் பட்டியல் வரட்டும். அதற்கு அப்புறம் ஏணி போட்டுப் பலகையை மாட்டட்டும். கை தட்ட ஜனங்கள் தயார்.

அப்படி இல்லாமல் பலகை முதலில் வந்தால், கூடவே வருவது புதுக் கட்டணமாகத்தான் இருக்கும். அதே பெட்டி, அதே காத்திருப்பு, கூடுதல் காசு என்று சோமனூரில் பார்த்த படத்தையே சென்னைக்காரர்களும் பார்க்க வேண்டியிருக்கும்.

கணியூர் டீக்கடையில் பேச்சு முடிகிறது. திருப்பூர் பஸ் வந்து நிற்கிறது. படிக்கட்டு வரை கூட்டம். கணக்குப்பிள்ளை டம்ளரை வைத்துவிட்டு ஓடுகிறார்.

"என்ன பேரு வேணா வெச்சுக்கட்டும். மொதல்ல ஏறி நிக்க ஒரு எடம் கொடுக்கச் சொல்லுங்க!"

பஸ் நகர்கிறது. அவருடைய ஒரு கால் இன்னும் வெளியேதான் இருக்கிறது.